ஆயிரம் ஒலி வேண்டாம், வளையும் ஒலி ஒன்று போதும்

"சார், லேப்டாப் வாங்கியாச்சு. பொண்ணு கீபோர்டு கிளாஸ் போறா. இதுல என்ன மியூசிக் சாப்ட்வேர் போடலாம்?"

கிழக்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எனக்கு, எந்த ஆன்டி வைரஸ் நல்லது என்ற கேள்விக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி இதுதான். சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு கீபோர்டு கிளாஸ் போர்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கும் பையன்கள், கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு போகிறவர்கள், நவராத்திரிக்கு கோயிலில் வாசிக்கும் குழந்தைகள் எனப் பலரும் கீபோர்டு வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கீபோர்டை கம்ப்யூட்டரில் இணைக்கவும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். கீபோர்டை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கும்போது அந்தக் கேபிளில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற குறிப்பு மட்டுமே போகும். இதற்கு மிடி என்று பெயர். 1983 முதல் இருக்கும் முறை இது. பாட்டு நோட்டில் எழுதிய ஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு பாடாது. அதைப் பார்த்துப் பாட ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த ஆள்தான் சாப்ட்வேர் சிந்தசைசர்.

விண்டோஸிலேயே அப்படி ஒரு ஆள் உண்டு. மைக்ரோசாப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த் என்று பெயர். விண்டோஸ் போல்டரில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ் என்று போனால் ஜிஎம்.டிஎல்எஸ் என்ற பைல் இருக்கும். பியானோ, வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம் அந்த ஒரே பைலில் அடக்கம். அளவு மூன்றரை எம்.பி.கூட இல்லை. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரிது. ரோலண்ட் கம்பெனியிடமிருந்து 1990களில் உரிமம் பெற்ற இந்த ஒலிகளைத்தான் விண்டோஸ் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. கட்டையை அழுத்தினால் ஒலி ஒரு கணம் தாமதித்து வரும். புல்லாங்குழல் என்று போட்டால் பழைய வீடியோ கேம் நினைவுக்கு வரும். ஆகவே மாற்று ஒன்று தேடுவது நியாயம்தான். எதைத் தேடுவது என்பதில்தான் சிக்கல்.

மேலே கேள்வி கேட்ட அம்மா எங்கள் பக்கத்துத் தெரு. மகள் பத்தாம் வகுப்பு. வாய்ப்பாட்டும் கற்றுக்கொள்கிறாள், கீபோர்டும் வாசிக்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவள் அப்பா வேறு ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய மியூசிக் சாப்ட்வேர் வாங்கிவிட்டார். அத்தனையும் கிராக் செய்யப்பட்டவை. இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டி வைரஸை நிறுத்திவைக்கவும் என்று ஒரு குறிப்பு. நிறுத்தியும் வைத்தார்கள். பத்து நாளில் லேப்டாப் என்னிடம் வந்தது. குடும்பப் போட்டோக்கள், மகளின் பள்ளி புராஜெக்ட், எல்லா பைல்களின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துக்கள். எதுவும் திறக்கவில்லை. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று ஒரு அறிவிப்பு மட்டும் திறந்தது. ஹார்ட் டிஸ்க்கை பார்மேட் செய்வதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. போட்டோக்கள் போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருட்டு சாப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். குறைந்தபட்சம் ஏழு நாள் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். வீட்டுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் வரமாட்டார்கள், வைரஸ் வரும்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வைரஸ் அல்ல. லேப்டாப்பை திரும்பக் கொடுக்கப் போனபோது அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தை. "அங்கிள், அதுல நாப்பது வயலின் இருந்தது. ஒண்ணுலயும் தோடி வரல. பாட்டு சார், கீபோர்டை விட்டுடுன்னு சொல்லிட்டார்."

பாட்டு வாத்தியார் சொன்னதில் தப்பில்லை. கட்டை வைத்த வாத்தியத்தில் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி நிற்கும். நம் சங்கீதமோ படிக்கட்டுகளுக்கு நடுவே நடக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே அகில இந்திய வானொலி 1940ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடை தளரத் தொடங்கியது 1971ல்தான். தோடியில் வரும் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டை சுருதியில் அந்தக் காந்தாரத்துக்கான கருப்புக் கட்டையை அழுத்திப் பிடித்தால் கேட்பது தோடி அல்ல, காலிங் பெல்.

ஹார்மோனியத்தில் இதற்கு வழியே இல்லை. கீபோர்டில் உண்டு. இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம், சில மாடல்களில் குச்சி. மேலே தள்ளினால் ஸ்வரம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும், விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும். கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே. சத்யநாராயணன் கச்சேரியைப் பார்த்தால் இது புரியும். வலது கை கட்டைகளில் இருக்கும், இடது கை இந்தச் சக்கரத்தை விட்டு நகராது. எனவே சாப்ட்வேர் சிந்தசைசரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, இந்தச் சக்கரத்தைத் திருப்பினால் அந்த சாப்ட்வேர் என்ன செய்கிறது என்பதைத்தான்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எவ்வளவு தூரம் வளைகிறது. மிடி உலகின் பழக்கப்படி சக்கரத்தை முழுவதும் தள்ளினால் ஸ்வரம் இரண்டு கட்டை மேலே போகும், முழுவதும் இழுத்தால் இரண்டு கட்டை கீழே. கருப்பையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். தோடி காந்தாரத்திலிருந்து சுத்த ரிஷபம் சரியாக இரண்டு கட்டை கீழே, சுத்த மத்யமம் இரண்டு கட்டை மேலே. அப்படியானால் போதுமே என்று தோன்றும். போதாது. ஒவ்வொரு அசைவுக்கும் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு உருட்ட வேண்டியிருக்கும், வேகம் வராது. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு போட வேண்டுமென்றால் ஏழு கட்டை தேவை. அது இரண்டில் நடக்கவே நடக்காது. ஆக, இந்த அளவை நம் விருப்பப்படி மாற்ற அனுமதிக்கும் சாப்ட்வேர்தான் வேண்டும். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். அதில் சக்கரம் மயிரிழை நகர்ந்தாலும் அபஸ்வரம். பழகும் வரை நான்கு அல்லது ஐந்தில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஜாரு நிறைய வரும் உருப்படிக்கு மட்டும் பன்னிரண்டு.

இங்கே கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் இந்தச் சக்கரமே இருக்காது. இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருப்பதிலும் தரம் வேறுபடும். மிடி முறைப்படி சக்கரத்தின் பாதையை 16,384 படிகளாகப் பிரிக்கலாம். சில மலிவு கீபோர்டுகள் 128 படிகள் மட்டுமே அனுப்பும். அளவைப் பன்னிரண்டில் வைத்து அதைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய ஸ்வரம் மாடிப்படி இறங்கும். கடையிலேயே ஹெட்போன் மாட்டி, மெதுவாகத் திருப்பிக் கேட்டுவிடுங்கள். அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் போன்ற கடைகளில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். தாம்பரத்திலிருந்து ரயிலேறிப் போய்வர அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு அலுத்துக்கொண்டு ஆன்லைனில் வாங்கி, பிறகு என்னிடம் வந்து புலம்பியவர்கள் உண்டு.

இரண்டாவது, வளையும்போது ஒலி எப்படி இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்த நாற்பது வயலினும் ஏன் தோடிக்கு உதவவில்லை என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அவை சாம்பிள் வகை. அதாவது நிஜ வயலின் கலைஞர் ஒருவர் ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்க, அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஓடும். மேற்கத்திய பாணியில் வாசிப்பவர் நீண்ட ஸ்வரத்தில் விரலை லேசாக அசைத்து ஒரு நடுக்கம் கொடுப்பார். அந்த நடுக்கமும் பதிவில் உறைந்து போயிருக்கும். அதன் மேல் நீங்கள் கமகம் போட்டால் இரண்டு அசைவும் மோதிக்கொள்ளும். அதோடு, ஒரு பதிவை இரண்டு மூன்று கட்டைக்கு மேல் இழுத்தால் டேப்பை வேகமாக ஓட்டியது போல் குரல் மாறிவிடும். பியானோவுக்கும் சர்ச்சில் வாசிக்கும் கீதங்களுக்கும் சாம்பிள் வகைதான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ராக சங்கீதத்துக்கு, ஒலியை அந்தக் கணத்தில் கணக்குப் போட்டு உருவாக்கும் சிந்தசைசர்தான் வேண்டும். அது நிஜ வயலின் போல இருக்காது. ஆனால் எவ்வளவு வளைத்தாலும் உடையாது.

சரி, பெயர்களுக்கு வருவோம். நான் சொல்லும் எல்லாமே சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை.

நான் முதலில் இன்ஸ்டால் செய்து கொடுப்பது சர்ஜ் எக்ஸ்டி. ஒரு காலத்தில் காசுக்கு விற்கப்பட்ட சாப்ட்வேர் இது. எழுதியவரே 2018ல் அதன் புரோகிராமை எல்லோருக்கும் திறந்துவிட்டார். தன்னார்வலர்கள் சேர்ந்து மெருகேற்றி 2022ல் எக்ஸ்டி பதிப்பை வெளியிட்டார்கள். தயார் நிலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் உண்டு, அதை விடுங்கள். பெண்ட் டெப்த் என்ற இடத்தில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று தனித்தனியாக எண் கொடுக்கலாம். அந்த எண் அந்த ஒலியோடு சேர்ந்தே சேமிக்கப்படும். தோடிக்கு ஒன்று, ஜாருவுக்கு ஒன்று என்று இரண்டாகச் சேமித்துக்கொள்ளலாம். பாட்டு எழுதும் பெரிய சாப்ட்வேர் எதுவும் இல்லாமல் தனியாகவும் இது இயங்கும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி.

இதில் இன்னொரு விசேஷம், சுருதி அமைப்பை மாற்றும் வசதி. கீபோர்டில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பாகமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பாகத்தை நூறு சென்ட் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 சென்டில் இருக்கும். தம்புராவோடு இழையும் காந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. பதினான்கு சென்ட்தானே என்று நினைக்காதீர்கள். தம்புரா ஒலிக்கும்போது சங்கராபரண காந்தாரத்தை நீட்டிப் பிடியுங்கள், காதுக்கே தெரியும். ஸ்காலா என்ற வகை பைலை ஏற்றினால் சர்ஜ் எக்ஸ்டி உங்கள் ஸ்வர ஸ்தானங்களில் நிற்கும். ஆரம்பத்திலேயே இதில் இறங்க வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அடுத்தது டெக்ஸ்ட். யமஹா 1983ல் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்ற கீபோர்டின் மறு உருவம். உலகெங்கும் 1980களின் பாடல்களில் மணி ஒலிப்பது போல ஒரு எலக்ட்ரிக் பியானோ கேட்குமே, அது டிஎக்ஸ்7. அந்தக் காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களில் இருந்த பெட்டி இன்று சில எம்.பி. அளவில் உங்கள் லேப்டாப்பில் உட்கார்ந்துகொள்ளும். மேலே பார்ம் என்ற பட்டனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் பிட்ச் பெண்ட் அளவை மாற்றலாம். பழைய லேப்டாப்பிலும் திணறாது. 4 ஜி.பி. ரேம் கொண்ட ஒரு பழைய ஐ3 மெஷினில் இதையும் சர்ஜையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். குழல் போன்ற மெல்லிய ஒலிகள் இதில் அழகாக வளையும்.

வைட்டல் 2020ல் வந்தது. பார்க்க மிக அழகு, அலை அசைவது திரையிலேயே தெரியும். இலவசப் பதிப்பில் ஒலிகள் குறைவு, பழைய கிராபிக்ஸ் உள்ள மெஷினில் மூச்சு வாங்கும். புது லேப்டாப் என்றால் முயன்று பாருங்கள்.

சர்ச்சில் வாசிக்கிறவர்கள், சினிமாப் பாட்டு மிடி பைல்களைப் போட்டுக் கேட்கிறவர்கள் இவை எதற்கும் போக வேண்டாம். கூல்சாப்ட் வெர்ச்சுவல் மிடி சிந்த் என்ற சாப்ட்வேரை இறக்கி, அதில் ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற சவுண்ட்பான்ட் பைலை ஏற்றுங்கள். சுமார் 30 எம்.பி.தான். விண்டோஸின் மூன்றரை எம்.பி. ஆளை ஓய்வெடுக்கச் சொல்லிவிடலாம். சவுண்ட்பான்ட் என்பது 1990களில் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளோடு வந்த முறை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தக் கார்டுக்காக அலைந்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். இப்போது கார்டு தேவையில்லை, பைல் போதும்.

எல்எம்எம்எஸ் என்ற இலவச சாப்ட்வேரில் பாட்டு அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் 1.2 பதிப்பு விஎஸ்டி2 வகையை மட்டும் ஏற்கும். சர்ஜ் எக்ஸ்டி விஎஸ்டி3 வகை. இரண்டையும் இன்ஸ்டால் செய்துவிட்டு, லிஸ்டில் சர்ஜ் வரவில்லையே, மெஷின் கோளாறு என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எல்எம்எம்எஸ் உள்ளேயே ஜின்ஆட்சப்எப்எக்ஸ் என்ற நல்ல சிந்தசைசர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

தாமதப் பிரச்சினையையும் தீர்த்துவிட வேண்டும். கட்டையை அழுத்தி, ஒலி பின்னால் வந்தால் சக்கரம் திருப்புவதெல்லாம் வீண். ஆடியோ செட்டிங்ஸில் பபர் சைஸ் என்று ஒரு எண் இருக்கும். 44,100 ஹெர்ட்ஸில் அந்த எண் 2048 என்றால் சுமார் 46 மில்லி செகண்ட் தாமதம். 512 என்றால் 12, 128 என்றால் 3. முதலில் 256ல் வையுங்கள். கரகர சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். சர்ஜைத் தனியாக இயக்கும்போது ஆடியோ வகையில் விண்டோஸ் ஆடியோ எக்ஸ்க்ளூசிவ் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது யூடியூபில் சத்தம் வராது. அது பழுது அல்ல. சர்ஜை மூடினால் வந்துவிடும். புளூடூத் ஹெட்போனும் கூடாது, அதன் தாமதத்தை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

கட்டையே இல்லாமல் ஒரு வழியும் உண்டு. சென்னைக்காரரான எம். சுப்ரமணியன் எழுதிய காயகா என்ற சாப்ட்வேரில் ஸ்வரங்களை டைப் செய்தால் கமகத்தோடு வாசித்துக் காட்டும். கம்ப்யூட்டரில் கர்நாடக இசையை உருவாக்குவது பற்றி அவர் 1999லேயே சங்கீத் நாடக் இதழில் எழுதியவர். மற்ற எல்லா சாப்ட்வேரும் மேற்கத்திய இசைக்காகச் செய்யப்பட்டு, நாம் வளைத்துக்கொள்பவை. இது மட்டும் நம் சங்கீதத்துக்காகவே பிறந்தது. பார்ப்பதற்குப் பழைய காலத்து விண்டோ போல இருக்கும் என்பதால் பிள்ளைகள் சீண்டுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இப்போது இரண்டே சாப்ட்வேர், சர்ஜும் டெக்ஸ்டும். பெண்ட் டெப்த் மேலேயும் கீழேயும் நான்கு. அவள் பாடுவது ஐந்தரைக் கட்டை, அதே சுருதியில் வைத்துக் கொடுத்தேன். தம்புராவை மட்டும் செல்போனில் தனியாக ஓட விட வேண்டும். அதையும் சிந்தசைசரிலேயே வைத்தால், சக்கரத்தைத் திருப்பும்போது தம்புராவும் சேர்ந்து தோடி பாடும். முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று, அவள் அம்மாவே சிரித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து பாட்டு வாத்தியார் எதிரில் ஒரு முறை வாசித்துக் காட்டியிருக்கிறாள். காந்தாரம் இன்னும் வரவில்லை, ஆனால் எங்கே வரவில்லை என்று இப்போது தெரிகிறது என்று சொன்னாராம். அடுத்த வாரத்திலிருந்து கீபோர்டையும் கிளாசுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.